பழைய மொரிஸ் மைனரை நிற்க வைப்பது: வன்னியில் பிரேக் வேலை தொடங்குகிறவர்களுக்கு

வன்னியில் இன்னமும் சில வீட்டுக் கொட்டில்களிலும் வேப்பமர நிழலிலும் பழைய மொரிஸ் மைனரோ ஒஸ்ரினோ நிற்கிறது. பெரியப்பாவின் கார், அம்மப்பாவின் கார் என்று அதற்கு ஒரு பேரும் இருக்கும். அதைத் திரும்ப ஓட்ட ஆசைப்படுகிறவர் முதலில் தொடுவது எஞ்சினைத்தான். பற்றரி மாற்றி, காபரேற்றர் கழுவி, ஸ்டார்ட் ஆனதும் நாலு பேருக்கு வீடியோ அனுப்பி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும்போதுதான் பிரேக் நினைவுக்கு வரும். வேலையை மறுபக்கத்திலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியவை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையும் நாற்றமுமாகக் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றின. எஞ்சின் அதையெல்லாம் தாங்கிக்கொண்டது. அந்தக் காலம் பழக்கிய 'இருக்கிறதை வைத்துச் சமாளிக்கலாம்' என்ற கைப்பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. எஞ்சினில் அது பிழைத்தால் வழியில் நிற்பீர்கள். பிரேக்கில் பிழைத்தால் நிற்க மாட்டீர்கள். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி ஒரு மாட்டுக்கூட்டம் குறுக்கே வரும்போது இந்த வித்தியாசம் விளங்கும்.

இங்கே சொல்வது மொரிஸ் மைனரை வைத்து. 1948 இல் வந்த முதல் வண்டியிலிருந்தே அதற்கு நாலு சில்லிலும் லொக்கீட் கொம்பனியின் ஹைட்ரோலிக் ட்ரம் பிரேக். ஒஸ்ரின் ஏ40 சமர்செற், கேம்பிறிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். பாகங்கள் மட்டும் கேர்லிங் கொம்பனியினது.

எப்படி வேலை செய்கிறது

பெடலை அமத்தினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஒயிலைத் தள்ளுகிறது. குழாய் வழியாக அந்த அழுத்தம் ஒவ்வொரு சில்லிலும் உள்ள வீல் சிலிண்டருக்குப் போய், தேயும் லைனிங் பூட்டிய பிரேக் ஷூவை, சில்லோடு சுற்றும் ட்ரம்மோடு அழுத்துகிறது. முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர். பின் சில்லில் ஒன்று. கால் பலத்துக்கு உதவும் சேர்வோ இதற்குக் கிடையாது. ஆகவே இன்றைய காரின் மெத்தென்ற பெடலை எதிர்பார்க்க வேண்டாம். கால் பலம்தான் பிரேக்.

கவனிக்க வேண்டிய விஷயம், எல்லாமே ஒரே சுற்று. இன்றைய கார்களில் ஒரு பாதி போனாலும் மற்றப் பாதி பிடிக்கும். மைனரில் எங்கோ ஒரு வாஷர் (சிலிண்டருக்குள் ஒயிலை மறிக்கும் றப்பர்) கிழிந்தால் நாலு சில்லும் ஒன்றாகப் போகும், மிச்சம் ஹாண்ட் பிரேக் மட்டும். அதனால்தான் 'ஒழுகுகிற அந்த ஒரு சில்லை மட்டும் பார்ப்போம்' என்ற பேச்சுக்கு நான் உடன்படுவதில்லை. பல வருடம் நின்ற கார் என்றால் நாலு சில்லு வாஷரும், மூன்று றப்பர் ஹோஸும், மாஸ்டர் சிலிண்டர் வாஷரும், ஒயிலும் ஒன்றாக மாறவேண்டும். அந்தக் காலத்தில் யார் எதை உள்ளே ஊற்றினார்கள் என்று இப்போது யாருக்கும் தெரியாது.

கழற்றுமுன் பெடலிடம் கேளுங்கள்

கார் நின்ற இடத்திலேயே பெடலை அமத்திப் பாருங்கள். நின்று, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் ஒயிலை உள்ளேயே திரும்ப விடுகிறது. வெளியே ஈரம் இல்லாமல் பெடல் இறங்கினால் இரண்டாவதுதான். பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று. முதல் அமத்தலில் ஆழமாகப் போய், இரண்டாவது மூன்றாவதில் மேலே வந்தால் பெரும்பாலும் ஷூ அட்ஜஸ்ட்மென்ற் தளர்ந்திருக்கிறது.

ஓடும்போது ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கச் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது ஒரு பக்க லைனிங்கில் ஒயிலோ கிறீஸோ பட்டிருக்கலாம். பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்காவிட்டால் லைனிங்தான் குற்றவாளி.

பிரேக் பிடித்தபடியே விடாமல் இருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்யவேண்டும். அந்தச் சில்லின் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஒயில் பீச்சி, சில்லு விட்டுவிட்டால் உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது. திறந்தும் விடாவிட்டால் ஷூ, ஸ்பிரிங், அல்லது இறுகிய பிஸ்டன். அழுத்தம்தான் என்றால், அடுத்த முறை பிடித்திருக்கும்போது ஹோஸுக்கு மேலே உள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். அதில் விட்டால் கோளாறு மாஸ்டர் பக்கம். அதிலும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நல்லாகத் தெரியும். உள்ளே வீங்கி, போகிற ஒயிலை விட்டு வருகிற ஒயிலை மறிக்கும். இதைத் தெரியாமல் சில்லுச் சிலிண்டரைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாஸ்டர் பக்கம் என்றால் முதலில் பெடல் தண்டைப் பாருங்கள். பெடலை விரலால் தள்ளும்போது, தண்டு பிஸ்டனைத் தொடுமுன் ஒரு சிறு தூரம் சும்மா போகவேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது; மாஸ்டருக்குள் இருக்கும் ஊசித்துளை மூடியபடியே இருக்கும். வெயிலில் ஓட ஓட ஒயில் சூடாகி விரியும், திரும்பிப்போக வழி இல்லை, பிரேக் தானாகவே பிடிக்கத் தொடங்கும். அந்தத் துளையை ஒரு துளி அழுக்கும் அடைக்கும்.

காரை உயர்த்துவது

மணல் நிலத்தில் ஜக் வைக்கும்போது கீழே தடித்த பலகை போடுங்கள். மழைக்குப் பிறகு ஈரமண்ணில் இந்த வேலை வேண்டாம். உயர்த்திய பிறகு ஸ்ராண்ட் கொடுங்கள். இல்லையென்றால் குறுக்கே அடுக்கிய நல்ல பனங்குற்றி. சீமெந்துக் கல்லைக் காருக்குக் கீழே வைக்கவே கூடாது. வீடு கட்டுகிற அந்தக் கல் பார்க்கப் பலமாக இருக்கும். ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் உடையும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் அணை கொடுங்கள். ட்ரம் கழற்றும்போது ஹாண்ட் பிரேக் விட்டிருக்கவேண்டும்.

ட்ரம்முக்குள்

மைனரின் ட்ரம்மைப் பிடித்திருப்பது இரண்டு திருகாணிகள்தான். துருப்பிடித்து இருக்கும், முதல் நாளே துரு இளக்கும் ஒயில் விட்டுவைத்தால் மறுநாள் சண்டை குறையும். ட்ரம்மில் உள்ள துளைக்குள்ளால் ஸ்குறூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்துங்கள். மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டுங்கள். பின்தட்டுக்கும் ட்ரம்முக்கும் நடுவே ஸ்குறூ டிரைவரை விட்டு நெம்பினால் தட்டு வளையும், பிறகு வாழ்நாள் முழுக்க உரசும்.

திறந்ததும் உள்ளே கறுத்த தூசு இருக்கும். சில நேரம் அதோடு காய்ந்த மண்ணும் வரும், குளவி கூடு கட்டியது. ரயர்க் கடைக் கொம்பிறஸரால் ஊதித் துப்பரவாக்குவது நம்மூர் வழக்கம். வாயால் ஊதுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். மாஸ்க் போடுங்கள்.

எதையும் கழற்றுமுன் ஃபோனில் படம் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சில்லு மட்டும்; மறுபக்கம் முழுதாக இருந்தால் எந்த ஸ்பிரிங் எந்தத் துளைக்கு என்று அங்கே போய்ப் பார்க்கலாம். முன் ஷூ இரண்டும் ஓடுகிற திசையை நோக்கிப் பிடிக்கிற மாதிரி அமைந்தவை. ஆகவே இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாற்றிப் பூட்டினால் பிடி வெகுவாகக் குறைந்துவிடும்.

லைனிங் ஆணி மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால், அல்லது ஒயிலில் ஊறியிருந்தால் மாற்ற வேண்டும். ஊறிய லைனிங்கைப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தி 'காயவைத்து'ப் பூட்டும் வித்தையைப் பல கராஜ்களில் காணலாம். இரண்டு நாள் பிடிக்கும். பிறகு சூட்டில் உள்ளிருந்த ஒயில் திரும்ப வெளியே கசியும். பின் சில்லு லைனிங் ஊறியிருந்தால் அது பிரேக் ஒயிலா, அக்ஸில் ஒயிலா என்று பாருங்கள். அக்ஸில் ஒயில் என்றால் சீல் மாற்றாமல் லைனிங் மாற்றுவது காசை எறிகிற வேலை. லைனிங் வாங்கும்போது காரின் வருடத்தைச் சொல்லுங்கள். 1962 இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் ட்ரம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது. பின்னால் 7 அப்படியே இருந்தது.

சிலிண்டரும் வாஷரும்

மற்ற எல்லாவற்றையும் விட இதில் நேரம் எடுங்கள்.

வீல் சிலிண்டரின் தூசி றப்பரை இழுத்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வாஷர் போய்விட்டது. பிஸ்டனை வெளியே எடுங்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல், குழாய் வருகிற துளையில் கிறீஸ் கன்னைப் பொருத்தி மெல்ல அமத்தினால் வந்துவிடும். பிறகு கிறீஸ் ஒரு துளியும் மிஞ்சாமல் மெதிலேட்டட் ஸ்பிரிட்டால் கழுவவேண்டும்.

இங்கேதான் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தள்ளி வைக்கவேண்டும். கராஜில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகிய கை தானாக அந்தப் பக்கம் போகும். பிரேக் வாஷர் மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில் எதையும் தாங்காது. நம்பாவிட்டால் கழற்றிய பழைய வாஷர் ஒன்றை இரவு மண்ணெண்ணெயில் போட்டு வையுங்கள். காலையில் ஊறின உளுந்தாய் உப்பி, விரலால் நசித்தால் நசியும். அதுவே சிலிண்டருக்குள் நடந்தால் பிஸ்டன் போன இடத்தில் சிக்கிக்கொள்ளும். றப்பரைக் கழுவப் புதிய பிரேக் ஒயில், அல்லது ஸ்பிரிட்; வேறு ஒன்றும் இல்லை.

சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். மேலாகப் படிந்த பழுப்பு நிறம் 600 இலக்க உப்புத்தாளைப் பிரேக் ஒயிலில் நனைத்து, சுற்றிவரத் தேய்த்தால் போகும். நீளவாக்கில் தேய்க்க வேண்டாம். அந்தக் கோடு வழியே ஒயில் கசியும். பிறகு சுட்டுவிரல் நகத்தை உள்ளே இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அது குழி. தண்ணீர் அரித்த குழி. எவ்வளவு தேய்த்தாலும் அதில் புது வாஷர் நிற்காது. தேய்க்கத் தேய்க்கச் சிலிண்டர் பெரிதாகி வேறு வில்லங்கம் வரும். புதுச் சிலிண்டர் வாங்குங்கள், அல்லது நம்பிக்கையான லேத் பட்டறையில் துருப்பிடிக்காத உருக்கிலோ பித்தளையிலோ உள்ளுறை போடுவியுங்கள். மைனருக்கு இங்கிலாந்தில் இன்னும் புதுப்பாகம் செய்கிறார்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலும் தேடிப் பார்க்கலாம், பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். சிலிண்டரின் உள்ளளவு அங்குலக் கணக்கில் அதன் உடம்பில் பொறித்திருக்கும். மில்லிமீற்றர் வாஷரை 'கிட்டத்தட்டச் சரி' என்று தந்தால் வாங்காதீர்கள்.

பூட்டும்போது வாஷரின் அகன்ற உதடு ஒயில் இருக்கும் பக்கம் பார்க்கவேண்டும். உதடு மடியாமல், பிரேக் ஒயிலில் நனைத்து, விரலால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். ஊசி, ஸ்குறூ டிரைவர் தேவையில்லை.

மாஸ்டர் சிலிண்டர் மைனரில் ஒரு தலைவலியான இடத்தில் இருக்கிறது. ஓட்டுநரின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள். அதன் போல்ட்டை வெளியே இழுக்க விடாமல், முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரோர்ஷன் பார் மறிக்கும். புதியவர் அந்தப் பாரைத் தனியாகத் தொட வேண்டாம். அதில் முறுக்கிய சக்தி இருக்கிறது. இந்த ஒரு வேலைக்கு மைனர் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய், ஹோஸ், ஒயில்

இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தால் செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாய் போடலாம், 3/16 அங்குலம். ஃபிறிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் இறுகி வெடிக்கும். நட்டும் கவனம்: மைனரின் நட்டு 3/8 அங்குலம். ஜப்பான் வண்டிகளின் நட்டு 10 மில்லிமீற்றர். அங்குல நட்டு மில்லிமீற்றர்த் துளைக்குள் தளர்வாகப் போய், இறுகினது போலக் காட்டும். பெடலை உதைக்கும் நாளில் மரை கழன்றுவிடும். கழற்றிய குழாய் முனைகளை உடனே அடைத்து வையுங்கள். திறந்து விட்டால் அடுத்த கிழமை குளவி உள்ளே.

ஒயில் டொட் 3 அல்லது டொட் 4. சிலிக்கன் ஒயிலான டொட் 5 ஐ இதோடு கலக்காதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டொட் 3 கொதிக்க 205 பாகை செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறியது 140 இலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி இருந்தால் பெடல் தரைக்குப் போகும். சிலிண்டரில் குழி விழுவதும் அதே ஈரத்தால்தான். ஆகவே சிறிய போத்தலாக வாங்குங்கள். திறந்து மிஞ்சியதை மாரி முழுக்க வைத்திருந்து பாவிக்காதீர்கள். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், தோலுரித்துவிடும்.

காற்று எடுப்பது

முதலில் நாலு சில்லு ஷூவையும் ட்ரம்மோடு இறுக்கிவிடுங்கள். பிஸ்டன்கள் குறைவாக நகரும், காற்று சீக்கிரம் வெளியேறும். முடிந்த பிறகு தளர்த்தலாம்.

ஒயில் ஊற்றும் மூடி ஓட்டுநரின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே. திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகக் கூட்டித் துடையுங்கள். நம்மூர்ச் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் முன்னர் சொன்ன ஊசித்துளைக்கு அதுவே போதும்.

மாஸ்டரிலிருந்து தூரமான சில்லில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் தெளிந்த பிளாஸ்ரிக் ரியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஒயில் இருக்கும் கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். பெடலுக்கு ஒரு ஆள் வேண்டும்.

"அமத்து" என்றால் அவர் மெல்ல அமத்தவேண்டும். "பிடி" என்றதும் நீங்கள் நிப்பிளை அரைச்சுற்றுத் திறக்கிறீர்கள். பெடல் இறங்கும். "கீழ போகுதண்ணை" என்று அங்கிருந்து குரல் வரும். வந்தாலும் காலை எடுக்கக் கூடாது. நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு". இந்த வரிசை குழம்பினால் வெளியே போன காற்று அதே வழியால் உள்ளே வரும். பொறுமை இல்லாத பொடியனைப் பெடலில் இருத்த வேண்டாம். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள்; பெடல் வழக்கத்துக்கு மாறாக அடி வரை போனால், பாவிக்காத துருப்பகுதியில் வாஷர் உரசிக் கிழியும்.

ரியூப்பில் குமிழி நிற்கும்வரை தொடருங்கள். இடையிடையே மாஸ்டரில் ஒயில் பாருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். போத்தலில் சேர்ந்த ஒயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பிறகு அட்ஜஸ்ட் பண்ணுங்கள். சில்லைக் கழற்றி, ட்ரம்மில் உள்ள துளைக்குள்ளால் ஸ்குறூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். ட்ரம் சுற்றாமல் இறுகியதும் ஒரு சொடுக்குப் பின்னே. பெடலை ஒரு முறை பலமாக அமத்தி ஷூவை நடுவுக்குக் கொண்டுவந்து, திரும்பவும் பாருங்கள். முன்சில்லில் ஷூ ஒவ்வொன்றுக்கும் தனி அட்ஜஸ்டர், இரண்டையும் மறக்காதீர்கள். ஹாண்ட் பிரேக் கடைசியில்தான். அதை முதலில் இறுக்கினால் பின் ஷூ தவறான இடத்தில் நிற்கும்.

ஓட்டிப் பார்க்குமுன்

பெடலை முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் அமத்திப் பிடியுங்கள். இறங்கக் கூடாது. ஒவ்வொரு சில்லுக்குக் கீழும் பழைய பத்திரிகைத் தாள் விரித்து இரவு விடுங்கள். காலையில் தாளில் கறை இருந்தால் எந்தச் சில்லு என்று அதுவே சொல்லும்.

முதல் ஓட்டம் வீட்டு ஒழுங்கையில், நடக்கிற வேகத்தில். கிரவல் ஒழுங்கையில் ஒரு பக்க இழுவை சரியாகத் தெரியாது, சில்லு வழுக்கிவிடும். ஆகவே அடுத்ததாக வாகனம் குறைந்த தார் வீதி ஒன்றில் மணிக்கு 20, பிறகு 30 கிலோமீற்றரில் மெல்ல மெல்லப் பிடித்துப் பாருங்கள். புது லைனிங் ட்ரம்மோடு பொருந்தக் கொஞ்ச நாள் எடுக்கும். அதுவரை நீண்ட நேரம் அமத்திப் பிடிக்க வேண்டாம்.

முதல் தூரப் பயணம் ஏ9 ஆல் என்றால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைக்கிற நேரத்தில் நாலு ட்ரம்மின் பக்கமும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன் இரண்டும் ஒரே சூடு, பின் இரண்டும் ஒரே சூடு இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாமல் கொதித்தால் அந்தச் சில்லு பிடித்தபடி வந்திருக்கிறது. எதுவும் சூடில்லாமல் குளிர்ந்த ஒன்று இருந்தால் அது வேலையே செய்யவில்லை.

பிறகு வருடா வருடம்

வன்னியில் இந்தக் கார்களைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, நிற்றல். கிழமைக்கு ஒரு முறையாவது எடுத்து ஓட்டிப் பெடலை அமத்துங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ட்ரம் திறந்து பார்த்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். வீதியை மறித்த வெள்ளத்துக்குள்ளால் வந்தால், மறுகரையில் ஏறியதும் மெதுவாக ஓடியபடி பெடலை லேசாக அமத்தி அமத்தி லைனிங்கைக் காயவையுங்கள். நனைந்த ட்ரம் பிரேக் முதல் அமத்தலுக்குப் பிடிக்காது. முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் வைத்திருப்பவர்கள் இரும்புக் குழாயையும் நிப்பிள்களையும் மற்றவர்களை விட அடிக்கடி பார்க்கவேண்டும். உப்புக் காற்றில் நிப்பிள் இறுகினால் திறக்கும்போது முறியும்.

மாரியில் கார் நாட்கணக்கில் நிற்கப் போகிறதென்றால் ஹாண்ட் பிரேக் இழுத்துவிட்டுப் போகாதீர்கள், ஷூ ட்ரம்மோடு துருப்பிடித்து ஒட்டிவிடும். கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். ஒயில் மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றாமல், ஒரு டோர்ச் எடுத்து நாலு சில்லின் உட்பக்கத்தையும் ஓட்டுநரின் தரைக்குக் கீழேயும் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.